கடைக்குட்டியின் காப்பு

வீட்டின் கடைக்குட்டிக்குப் பொறுப்பு எளிதில் வருவதில்லை. அவனது குறும்பே அதற்குக் காரணம் என்று கூறுவது வழக்கம். உண்மையான காரணம் சுற்றியிருப்போரின் அன்புதான். அவன் உடைத்த பாத்திரத்திற்கு அக்கா விடை சொல்கிறாள். அவன் தொலைத்த பணத்தை அண்ணன் ஈடுசெய்கிறான். ‘சின்னப்பிள்ளைதானே’ என்று பாட்டி வழக்கை முடித்துவைக்கிறாள். தன் செயலின் விளைவை நேரில் காணும் வாய்ப்பே அவனுக்குக் கிட்டுவதில்லை.

குலசேகரன்பட்டினத்தில் அவ்வாய்ப்பைத் தரும் வழக்கம் ஒன்று உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்த இவ்வூர் 1986ஆம் ஆண்டு வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்தது. மக்கள் ‘குலசை’ என்பர். இங்குள்ள முத்தாரம்மன் கோயிலின் தசரா, கொடியேற்றத்துடன் தொடங்கிப் பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நிகழும் மகிஷாசுர சம்ஹாரத்தில் உச்சம் பெறும். நேர்ந்துகொண்டோர் விரதமிருந்து, காப்புக் கட்டி, வேடம் புனைந்து, ஊர் ஊராகக் காணிக்கை பெற்றுக் கோயில் உண்டியலில் சேர்ப்பர். சிறுவர் சிறுமியரும் வேடமிடுவதுண்டு. குரங்கு வேடம் கடைக்குட்டிகளுக்கு வெகு பொருத்தம்!

குரங்காகக் குதிக்க அவனுக்கு உரிமையுண்டு. காணிக்கையில் ஒரு ரூபாய் எடுத்து மிட்டாய் வாங்க உரிமையில்லை. அவனுடைய விரதத்தை அக்கா இருந்து முடிக்க இயலாது. விலக்கிய உணவை மறைவில் உண்டால், அதை அறிந்தவன் அவன் ஒருவனே. அடிக்கு அஞ்சி அடங்குவது வேறு. காப்புக் கட்டிய கை தன்னுடையது என்றுணர்ந்து அடங்குவது வேறு.

யாரும் காணாத குற்றத்திற்குத் தாமே பொறுப்பேற்ற கடைக்குட்டி ஒருவரை உலகறியும். கரம்சந்த், புத்லிபாய் இணையரின் கடைசிப் பிள்ளையான காந்தியடிகள், 15 வயதில், அண்ணன் பட்ட சுமார் 25 ரூபாய்க் கடனை அடைப்பதற்காக அவ்வண்ணனின் தங்கக் காப்பிலிருந்து சிறு துண்டைத் திருடினார். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. குற்றத்தைத் தாளில் எழுதி, தக்க தண்டனையும் வேண்டி, நோயுற்றிருந்த தந்தையிடம் தாமே கொடுத்தார். தந்தை அடிக்கவில்லை, கண்ணீர் வடித்து அத்தாளைக் கிழித்தார். கடன் அண்ணனுடையது, பழியை அவர்மீது சாய்க்க இடமிருந்தும் தம்பி சாய்க்கவில்லை.

குலசைக்கு வரும் பிள்ளைகள் அனைவரும் பொறுப்பைக் கற்றுத் திரும்புவதாகக் கொள்ள முடியாது. பல வீடுகளில் நேர்ச்சை பெற்றோருடையது; உடையைத் தேடி எடுப்பவர்களும் அவர்கள்; காணிக்கையைச் சுமப்பவர்களும் அவர்களே. அங்கே பிள்ளைக்கு எஞ்சுவது முகச்சாயம் மட்டும். நேர்ச்சையைப் பிள்ளையே தன் வாயால் சொல்லி, அன்றாடம் சேர்ந்த காசைத் தானே எண்ணிவைக்கும் வீட்டில் நிலைமை வேறு.

அவ்வாறு கற்றதும் நிலைக்க வேண்டுமே! திருவிழா முடிந்து காப்புக் களைந்ததும் அவன் மீண்டும் சின்னப்பிள்ளையாகிவிடுகிறான். அம்மனுக்குரிய காசை ஊர் ஊராகக் காத்துவந்த அக்கையை நம்பி, தெருமுனைக் கடைக்குப் பணம் கொடுத்தனுப்பத் தயங்கும் வீடுகள் இன்றும் உள்ளன.