காஸ் அடிப்பது திருத்தமாகுமா?

பழைய மோட்டார் வண்டியின் குளிரூட்டி குளிர் தராதொழிந்தால் நம்மவர் முதலிற் சொல்லும் வார்த்தை, 'காஸ் அடித்தாற் சரி' என்பதே. இதனினும் நம்மை ஏமாற்றும் வார்த்தை பிறிதில்லை என்பது என் துணிபு. பெற்றோல் எரிந்து தீர்வது. காஸ் அவ்வாறு தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள்ளே ஆவியாகியும் திரவமாகியும் ஓயாது சுழல்வது அது. குறைந்ததெனின் எங்கோ கசிந்ததென்பதே பொருள். பல்லாண்டுகளிற் சிறிது கசிவது இயல்பு. ஒரு சோழகத்துக்குள் முற்றும் வற்றுவது நோய்.

முத்துக்குளிப்பாற் பெயர்பெற்ற சிலாவத்துறைக் கரையில் வாழும் எமக்கு இந்நோய் நன்கு பழகியது. வண்டியின் முகப்பில், ரேடியேற்றருக்கு முன்னே, அலுமினியத்தாலான கொண்டென்சர் காற்றை எதிர்கொண்டு நிற்கிறது. கடற்காற்று கொணரும் உப்பு அதன் மெல்லிய தகடுகளிற் படிந்து மெல்ல அரிக்கிறது. வண்டியின் கூரையைப் பளபளக்கத் துடைப்பவர்கள் இதனை நன்னீராற் கழுவக் கண்டேனில்லை! மூட்டுகளிலுள்ள ரப்பர் வளையங்களோ வயதினால் இறுகி வெடிக்கின்றன.

என் வண்டிக்கு ஒரு கராஜில் இருமுறை காஸ் அடித்தார்கள், இருமுறையும் பணம் வாங்கினார்கள், கசிவைத் தேடினாரில்லை. பின்னர் வேறோர் இளைஞர், ஓட்டையைக் காணாமற் காஸ் அடிக்க மாட்டேன் என்று மறுத்தார். காஸுடன் எண்ணெயும் சுழல்வதால், கசியுமிடத்தில் எண்ணெய்க் கறை படியும். அதனையே அவர் முதலில் தேடினார். நைதரசனை அழுத்தி நிரப்பிச் சவர்க்கார நுரை தடவியபோது, ஒரு மூட்டிற் குமிழி எழுந்தது. வளையத்தை மாற்றி, பம்பினாற் குழாய்களிலிருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, அந்த வெற்றிடம் நிலைக்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்த பின்னரே காஸை நிறுத்து நிரப்பினார். ஈரம் எஞ்சினால் எண்ணெயுடன் சேர்ந்து அமிலமாகிக் கம்பிரசரையே தின்றுவிடும்.

பணம் என்னுடையது, கசிந்த காஸோ எல்லோருடைய வானுக்கும் போகிறது. முன்னாளில் வண்டிகளிலிருந்த ஆர்-12 ஓசோன் படையை அழிக்குமென 1974இல் மொலினாவும் ரோலண்டும் காட்டிய ஆய்வே, 1987இன் மொன்றியல் உடன்படிக்கைக்கு வழிகோலியது. இலங்கை 1989இல் அதிற் சேர்ந்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தீண்டாது; ஆயினும் புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ அளவு, நூறாண்டுக் கணக்கில், 1,430 கிலோ காபனீரொட்சைட்டுக்கு ஈடாகும். அரைக் கிலோ கசிந்தால், ஏறத்தாழ 300 லீற்றர் பெற்றோலை எரித்த கணக்கு!

'புது வண்டி வாங்கலாமே' என்பர் சிலர். 2020 முதல் 2025 வரை தனியார் வண்டிகளின் இறக்குமதியே தடைப்பட்டிருந்த நாடு இது. இன்றைய விலையும் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுவதன்று. பழைய வண்டிகளோடுதான் நம் வாழ்வு. ஆகவே காஸ் அடிக்குமுன், 'கசிவு எங்கே? காட்டுங்கள்' என்று கேட்போம். காட்ட இயலாதவரிடம் வண்டியை விட வேண்டாம். கண்ணாடிகளை இறக்கிவிட்டால் அரிப்புக் காற்று இலவசமாகவே வரும்.