வரி பூஜ்யம் என்றால் கணக்கும் பூஜ்யமா?

2025 பிப்ரவரி 1 அன்று நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்ததில் பெரும்பாலோர் மனதில் நின்றது ஒரே வரிதான்: 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. அதற்கு முன்பிருந்தே ஊரில் உலவிய ஒரு நம்பிக்கைக்கு அது முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. வரி கட்டுகிறவன்தான் ரிட்டர்ன் போட வேண்டும், நமக்குத்தான் வரி வராதே என்பது அந்த நம்பிக்கை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. புதிய வரிமுறையில் 2025-26 நிதியாண்டுக்கு விலக்கு வரம்பு 4 லட்சம் மட்டுமே. அதற்கு மேல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 12 லட்சம் வரை 10 சதவீதம் என்று வரி விழத்தான் செய்கிறது. 12 லட்சம் வருமானத்துக்கு அது 60,000 ரூபாய். அந்த 60,000ஐத் தள்ளுபடி செய்வதால்தான் கடைசியில் பூஜ்யம் வருகிறது. விலக்கு வேறு, தள்ளுபடி வேறு. கணக்குப் போட்டு வரியைக் கண்டுபிடித்த பிறகே தள்ளுபடிக்கு வேலை. கணக்கு தாக்கல் செய்யும் கடமையோ 4 லட்சத்தைத் தாண்டியவுடனேயே தொடங்கிவிடுகிறது. பட்ஜெட் தலைப்புச் செய்தியில் இந்த இரண்டாவது பாதிக்கு இடமில்லாமல் போனதில் அரசுக்கும் ஊடகங்களுக்கும் சம பங்கு உண்டு.

பூஜ்ய வரிக்காரர்கள் கணக்கு தாக்கல் செய்வது ஏதோ அதிசயம் என்று நினைப்பவர்கள் ஒரு புள்ளிவிவரத்தைப் பார்க்கலாம். 2023 அக்டோபர் இறுதிவரை தாக்கலான ஏறத்தாழ 7.4 கோடி கணக்குகளில் 5 கோடிக்கும் மேற்பட்டவை வரி ஏதும் இல்லாதவை என்று நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. இந்த நாட்டில் ரிட்டர்ன் போடுகிறவர்களில் பெரும்பான்மையோர் வரி கட்டாதவர்கள்தான்.

இந்த நம்பிக்கையால் அதிகம் அடிபடுவது வருமானம் குறைந்தவர்களே. சொந்தமாகத் தொழில் செய்யும் உள் அலங்கார வடிவமைப்பாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் கட்டணம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை கொடுக்கும் நிறுவனங்கள் 10 சதவீதம், அதாவது 60,000 ரூபாயை, டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுக்கும். உத்தேச வருமானத் திட்டத்தில் அவர் வரவில் பாதியை, 3 லட்சத்தை, வருமானமாகக் காட்டினால் போதும். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதைக் காட்ட வேண்டும். 3 லட்சம் விலக்கு வரம்புக்கு உள்ளேயே நிற்கிறது, வரி இல்லை. ஆனால் அந்த 60,000 ரூபாய் அரசிடம் இருக்கிறது. ரிட்டர்ன் போடாதவரை அது திரும்பாது. இன்னொன்றும் இருக்கிறது: பிடித்த வரி 25,000 ரூபாயைத் தொட்டாலே (மூத்த குடிமக்களுக்கு 50,000) வருமானம் எவ்வளவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம். விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டிய மளிகைக் கடைக்கும் அதே கதைதான். லாபமே இல்லை என்ற பதில் அங்கே செல்லாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேலும், மின்கட்டணத்துக்கு 1 லட்சத்துக்கு மேலும் செலவு செய்தவர்களையும் சட்டம் இதே பட்டியலில் சேர்த்திருக்கிறது.

நஷ்டப்பட்டவர்களின் நிலை இதைவிட மோசம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பணம் இழந்ததாகப் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி கணக்கெடுத்துச் சொன்னது. வருமானமே இல்லை, நஷ்டத்துக்கு எதற்கு ரிட்டர்ன் என்பதுதான் இவர்களில் பலரின் எண்ணம். கெடுவுக்குள் கணக்கு தாக்கல் செய்தால் இந்த நஷ்டத்தை அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று வணிக லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை போய்விடும். பங்கு விற்று ஏற்பட்ட மூலதன நஷ்டத்துக்கும் இதே விதிதான், அதைக் கழிப்பது மட்டும் மூலதன ஆதாயத்தில்.

கணக்கு தாக்கல் செய்வதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் பலமானது, கணக்குக் காட்டினால் வருமான வரித் துறையின் கண்ணில் படுவோம் என்ற பயம். அந்தக் கண் எப்போதோ திறந்தாயிற்று. 2021 நவம்பர் முதல் வந்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்தால் வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, சொத்துப் பதிவு எல்லாம் நம்மைக் கேட்காமலே அங்கே ஏறியிருக்கும். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சம் ரொக்கம் போட்டால் வங்கியே அதைத் துறைக்குச் சொல்லிவிடும். ரிட்டர்ன் போடாமல் இருந்தால் தகவல் மறையாது. நம் தரப்பு விளக்கம்தான் அங்கே இருக்காது. செலவு பிடிக்கும் என்கிறார்கள். சம்பளமும் வட்டியும் மட்டுமே உள்ளவர் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் தாமே தாக்கல் செய்யலாம், பாதி விவரம் முன்கூட்டியே நிரப்பியிருக்கும். வரவு செலவு சிக்கலான கடைக்காரருக்கு ஆடிட்டர் செலவு சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வங்கியில் கடன் கேட்கப் போனால் முதலில் கேட்பது கடந்த ஆண்டுகளின் ரிட்டர்னைத்தான்.

எல்லோரும் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்பதல்ல வாதம். வருமானம் வரம்புக்குள் இருந்து, டிடிஎஸ் எதுவும் பிடிக்காமல், மேலே சொன்ன செலவுகளும் இல்லாதவர் சும்மா இருக்கலாம். ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே உள்ள 75 வயது கடந்தவர்களுக்கும், வங்கியே வரியைப் பிடித்துக் கட்டிவிடும் ஏற்பாட்டில், சட்டம் விலக்கு கொடுத்திருக்கிறது. மற்றவர்கள் கெடு தாண்டினாலும் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு அது 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. அதையும் விட்டவருக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் என்றொரு வழி பல ஆண்டுகள் திறந்திருக்கும். ஆனால் அது கூடுதல் வரி கட்ட வருகிறவர்களுக்கான வழி. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு அந்த வழியாக உள்ளே போக முடியாது.