கூப்பர்ஸ்டவுனின் ஒழுக்க விதி யாருக்கு?

நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்க்கூடம் இருக்கிறது. 762 ஹோம் ரன் அடித்து, அதில் யாரும் எட்டாத சாதனையை வைத்திருக்கும் பாரி பாண்ட்ஸுக்கு அங்கே வெண்கலப் பட்டயம் கிடையாது. சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை ஏழு முறை வாங்கிய ரோஜர் கிளெமென்ஸுக்கும் கிடையாது. ஊக்கமருந்துக் குற்றச்சாட்டுதான் காரணம். தெரிந்து எடுத்ததில்லை என்பது பாண்ட்ஸின் வாதம். கிளெமென்ஸ் அடியோடு மறுத்தார். 'ஏமாற்றுக்காரர்களுக்கு இடமில்லை' என்று, வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர்களில் ஒரு சாரார் பத்தாண்டு பிடிவாதமாக நின்றார்கள். 75 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில், கடைசி வாய்ப்பான 2022-இல் பாண்ட்ஸுக்கு விழுந்தது 66.

அவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது கூடத்தின் தேர்வு விதியை. ஆட்டத்திறனோடு நேர்மையையும் நடத்தையையும் பார்க்க வேண்டும் என்று அது சொல்வது உண்மைதான். சரி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் யார்? கறுப்பின வீரர்களோடு ஆடமாட்டேன் என்று அடம்பிடித்த கேப் ஆன்சன் 1939-இலேயே உள்ளே போய்விட்டார். கறுப்பின வீரரைக் கடைசியாகச் சேர்த்த அணி பாஸ்டன் ரெட் சாக்ஸ், அதுவும் 1959-இல். அதன் உரிமையாளர் டாம் யாக்கிக்கு 1980-இல் மரியாதை. கேலார்ட் பெர்ரி கதை இன்னும் சுவாரசியம். விதியை மீறி எச்சில் தடவிய பந்தை வீசியதை 1974-இல் புத்தகமாகவே எழுதிவிட்டு மேலும் பல ஆண்டுகள் ஆடியவர் அவர். 1982-இல் பிடிபட்டு வெளியேற்றவும் பட்டார். 1991-இல் பட்டயம்!

எச்சிலும் ஊக்கமருந்தும் ஒன்றா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் எச்சில் பந்துக்கு 1920 முதலே தடை இருந்தது. ஊக்கமருந்துக்கோ 1991-இல் ஆணையர் அனுப்பிய ஒரு சுற்றறிக்கைதான். தண்டனையோடு கூடிய சோதனை 2004-இல்தான் வந்தது. இடையில், 1998-இல், மார்க் மக்வயர் என்ற வீரரின் லாக்கரில் ஆண்ட்ரோஸ்டீன்டையோன் என்ற ஊக்கப்பொருள் பாட்டில் இருந்ததை ஒரு நிருபர் பார்த்து எழுதினார். பேஸ்பாலில் அன்று அதற்குத் தடை இல்லை. மக்வயர் அந்த ஆண்டு 70 ஹோம் ரன் அடித்தார். பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடின. பிற்பாடு ஒழுக்கம் பேசி வாக்குச்சீட்டைப் பிடித்ததும் பேஸ்பால் எழுத்தாளர்கள்தான்.

1992 முதல் ஆட்டத்தின் தலைமையில் இருந்த பட் செலிக் 2017-இல் கூடத்துக்குள் நுழைந்தார். மேற்பார்த்தவர் உள்ளே, ஆடியவர் வெளியே என்பது என்ன கணக்கோ! பாண்ட்ஸ் தோற்ற அதே வாக்கெடுப்பில் டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே 77.9 சதவீதத்தோடு தேறினார். தண்டனை இல்லாத 2003-இன் ரகசியச் சோதனையில் சிக்கியவர்களில் அவரும் ஒருவர் என்று நியூயார்க் டைம்ஸ் 2009-இல் எழுதியிருந்தது. அந்த முடிவுகளில் சில ஐயத்துக்குரியவை என்று ஆணையர் ராப் மேன்ஃப்ரெட் அவருக்காகப் பேசினார். இருக்கட்டும். சந்தேகத்தின் பலன் சிரித்த முகத்துக்கு மட்டும் போவதுதான் உறுத்துகிறது.

'மருந்து இல்லாவிட்டால் பாண்ட்ஸ் யார்?' என்ற கேள்விக்கு 1998 வரையிலான பதிவே போதும்: 411 ஹோம் ரன், 445 ஸ்டீல், மிகச் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது மூன்று. அவர் மீதான புகார்கள் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியவை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம், சுத்தமாக ஆடியவர்கள் நஷ்டப்பட்டார்கள் என்பது. இதை லேசில் தள்ள முடியாது. 493 ஹோம் ரன் அடித்த ஃப்ரெட் மெக்ரிஃப் ஊதிப்பெருத்த எண்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போனார். எழுத்தாளர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஆனால் எழுத்தாளர்கள் விட்டவர்களைப் பரிசீலிக்கும் ஒரு குழு 2022 டிசம்பரில் அவரை ஒருமனதாக உள்ளே கொண்டுவந்தது. பாண்ட்ஸை வெளியே நிறுத்தியதால் மெக்ரிஃபுக்கு அதற்கு முன் எந்த நியாயமும் கிடைத்துவிடவில்லை.

பட்டயம் கொடுத்தால் கறை மறைந்துவிடும் என்பதும் சரியல்ல. பாண்ட்ஸின் 756-ஆவது ஹோம் ரன் பந்தை ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கிய ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ, இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தி, அதில் கறையைக் குறிக்கும் நட்சத்திரக் குறியைப் பொறித்து 2008-இல் கூப்பர்ஸ்டவுனுக்கே கொடுத்தார். கறையோடு சேர்த்தே வரலாற்றை வைத்துக்கொள்ள அந்தக் கூடத்துக்குத் தெரியும்.

தண்டனை விதிகள் வந்த பிறகும் பிடிபட்ட மேனி ரமிரெஸ், அலெக்ஸ் ராட்ரிகஸ் ஆகியோரை மறுப்பதில் நியாயம் உண்டு. கோட்டை அங்கே கிழிக்கலாம். மெக்ரிஃபைச் சேர்த்தது போன்ற குழுவோ 2025 டிசம்பரில் பாண்ட்ஸுக்கும் கிளெமென்ஸுக்கும் ஐந்து வாக்குகூடப் போடவில்லை. ஐந்து வாக்கு பெறாதவர்களுக்கான புதிய விதிப்படி அடுத்த சுற்றில் அவர்கள் பெயரே வராது. 2031-இல் மறுபடி வந்தால் பாண்ட்ஸுக்கு வயது 67.