நாய் ஓநாய் இல்லை மச்சான்

‘சாதி நாய்’ ஒண்டு வீட்டுக்கு வந்தால் (இந்தச் சொல்லைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதவேணும், அது பிறகு) அதோட சேர்ந்து ஒரு அறிவுரையும் வந்திடும். “சோறு குடுக்காதை மச்சான். பச்சை இறைச்சி போடு. ஓநாய் சோறே திண்டது?”

ஓநாய் சோறு திண்ணேல்லைத்தான். ஆனால் உங்கட வாசல்ல படுத்திருக்கிறது ஓநாய் இல்லையே. நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 வருடங்கள். எங்கட மிச்சம் மீதியைத் திண்டு திண்டே அதின்ர உடம்பு மாறிப்போச்சு. மாப்பொருளைச் சமிபாடடையச் செய்யும் அமிலேசு நொதியத்துக்கான பரம்பரையலகு ஓநாயில் 2 பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களில் 4 முதல் 30 வரை இருப்பதாகச் சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். எங்கட சோத்துப் பானைக்குப் பக்கத்தில உருவான மிருகத்துக்குப் போய் காட்டு மெனு எழுதுகிறோம்.

இந்தப் பச்சை இறைச்சிக் கதையைப் பெரிசாகப் பரப்பினவர் இயன் பில்லிங்கர்ஸ்ட் என்ற அவுஸ்திரேலிய மிருக வைத்தியர். 1993இல் புத்தகம் போட்டார். அவர் சொன்னதில் இறைச்சியோடு பச்சை எலும்பு, உள்ளுறுப்புகள், மரக்கறி எல்லாம் இருந்தது. அதை நான் ஏற்கிறேன் என்று இல்லை. ஆனால் அதில் ஒரு கணக்காவது இருந்தது. கடல் தாண்டி இங்க வந்து சேரேக்க கணக்கு கழண்டு விழுந்து, ‘பச்சை இறைச்சி’ எண்ட ரெண்டு சொல்லு மட்டும் மிஞ்சியிருக்கு. சந்தையில கோழி வாங்கி, எலும்பை எடுத்துப்போட்டு, சதையை மட்டும் குட்டிக்கு வைக்கினம். கேட்டால் புரதமாம்.

அந்தச் சதையில்தான் பிரச்சினையே. 100 கிராம் கோழிச் சதையில் பொசுபரசு 200 மில்லிகிராம் அளவில் இருக்கும். கல்சியம் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம். வளருகிற குட்டிக்குத் தேவை இதுக்கு நேர் எதிர்: பொசுபரசை விடக் கல்சியம் கொஞ்சம் கூடவாக இருக்கவேணும். சாப்பாட்டில் கல்சியம் வராவிட்டால் உடம்பு சும்மா இருக்காது, எலும்பிலிருந்து உருவி எடுத்து இரத்தத்துக்குக் குடுக்கும். குட்டி வெளியில கொழுகொழு எண்டு தெரியும், மயிர் மினுங்கும், படம் எடுத்துப் போடலாம். உள்ளுக்குள்ள எலும்பு கடதாசி மாதிரி மெலியும். பிறகு ஒருநாள் திண்ணையால குதிக்கும், கால் முறியும். ‘குட்டி பலவீனமான சாதி’ எண்டு வித்தவன்ர தலையில பழியைப் போடுவினம். சாப்பாட்டுக் கோப்பையை ஒருத்தரும் பார்க்கமாட்டினம்.

சரி, பச்சை எலும்பையும் சேர்த்துக் குடுக்கிறம் எண்டு சிலர் சொல்லுவினம். சமைச்ச எலும்பு சிலாகை சிலாகையாக உடைஞ்சு குடலைக் கிழிக்கும், அது எல்லாருக்கும் தெரியும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கும், குடலை அடைக்கும்.

அடுத்தது கிருமி. “நாயின்ர வயிறு எல்லாத்தையும் தாங்கும்” எண்டு சொல்லுவினம். தாங்கலாம், அதுதான் வில்லங்கம். சால்மொனெல்லா உள்ள கோழியைத் திண்ட நாய் ஒரு வருத்தமும் காட்டாமல் அதை மலத்தோட முற்றம் முழுக்கப் பரப்பும். அதே வாயால குழந்தையின்ர கையை நக்கும். அம்மம்மா அந்தக் கோப்பையைக் கழுவுவா. குளிர்சாதனப்பெட்டியில உறைய வைத்தால் சரி என்று நம்பவேண்டாம். உறைநிலை சால்மொனெல்லாவைத் தூங்க வைக்கும், கொல்லாது. ஆடு மாட்டின் ஈரல், நுரையீரலில் நாடாப்புழுக் குடம்பிக் கட்டிகள் இருக்கலாம். அதைப் பச்சையாகத் திண்ட நாயின் மலத்திலிருந்து முட்டை மனிதருக்குப் போனால், எங்கட ஈரலிலும் கட்டி வளரும். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி குடுக்கவேண்டாம் என்று கொள்கையாக எழுதிவிட்டது.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் இந்த ஆசை? ‘இயற்கை’ எண்டு சொன்னாலும், எங்கட பக்கத்தில பாதிக் காரணம் வேற. பச்சை இறைச்சி திண்டால் நாய் கடியனாகுமாம், கள்ளன் கிட்ட வரானாம். நாயைக் கடியனாக்கிறது இறைச்சி இல்லை. குட்டியிலிருந்து சங்கிலியில கட்டி, மனிசரைப் பழக விடாமல், பயத்தில வளர்க்கிறதுதான். அந்தச் சங்கிலியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

கம்பனித் தீனுக்கு வக்காலத்து வாங்க நான் வரேல்லை. 2022இல் விலை ஏறின ஏற்றத்தில பை ஒண்டு வாங்க எத்தனை வீடுகளால முடிஞ்சது? அதுக்காகப் பழைய முறையையும் கும்பிடத் தேவையில்லை. வெறும் சோத்தில மீன்குழம்பை ஊத்தி வைக்கிறதும் பிழைதான். குழம்பில வெங்காயம் இருக்கு. அது நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும், சமைச்சாலும் உடைக்கும். வெள்ளிக்கிழமை வீட்டில மரக்கறி எண்டால் நாய்க்கும் விரதம், அது இன்னொரு பகிடி.

வீட்டிலேயே சமைக்கலாம், பெரிய வித்தை இல்லை. உப்பு, வெங்காயம், தூள் போடாமல் இறைச்சியோ மீனோ அவிச்சு, எலும்பை, முள்ளை எடுத்துவிட்டுச் சோறும் பூசணியும் சேருங்கோ. சில மீன்களில் விற்றமின் பி1ஐ அழிக்கிற நொதியம் இருக்கு, அவிச்சால் அது போய்விடும். ஈரல் கொஞ்சமாக, எப்பவாவது. முட்டைக் கோதை அவிச்சுக் காயவைத்து மாவாக இடிச்சால் ஒரு தேக்கரண்டியில் கிட்டத்தட்ட 2 கிராம் கல்சியம். வளர்ந்த நாய்க்கு அரைக் கிலோ இறைச்சிக்கு அரைத் தேக்கரண்டி போடலாம். குட்டிக்கு மட்டும் உங்கட கைக்கணக்கு வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்குக் கல்சியம் கூடினாலும் எலும்பு கோணும், அதால அளவை மிருக வைத்தியரிட்டக் கேட்டுப் போடுங்கோ.