பழைய ஸ்டெபிலைசரா, யு.பி.எஸ்.ஸா: எதை வைத்துக்கொள்வது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "வீட்டில் பழைய ஸ்டெபிலைசர் சும்மா கிடக்கிறது, அதையே கம்ப்யூட்டருக்குப் போடலாமா?"

எங்கள் பீளமேடு பக்கம் மோட்டார், பம்ப்செட் பட்டறைகள் அதிகம். பெரிய மோட்டார் ஓடத் தொடங்கினால் அதே லைனில் உள்ள வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கும். அதனால் பழைய வீடுகளின் பரணில் (எங்கள் ஊரில் அட்டாலி) ஒரு ஸ்டெபிலைசர், ஒரு சி.வி.டி., பேட்டரி செத்த ஒரு யு.பி.எஸ். என்று ஏதாவது இருக்கும். என்னைக் கேட்டால், கம்ப்யூட்டருக்காக அந்த யு.பி.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசர் 'டக், டக்' என்று ரிலேயை மாற்றி, வோல்டேஜை 230-க்குப் பக்கத்தில் நிறுத்தப் பார்க்கும். ஃபிரிட்ஜுக்கு அது தேவை. கம்ப்யூட்டரில் அந்த வேலையை எஸ்.எம்.பி.எஸ். ஏற்கெனவே செய்கிறது. லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு உண்மையான எதிரி சட்டென்று நின்றுபோகும் கரண்ட்தான். பாதியில் நிற்கும் ஃபைலை ஸ்டெபிலைசரால் காப்பாற்ற முடியாது. அதில் பேட்டரியே இல்லையே! 2012-ல் மணிக்கணக்கில் மின்வெட்டைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சி.வி.டி.யின் கதையும் அதுதான். ஸ்பைக்கை நன்றாக அடக்கும். ஆனால் நாள் முழுக்க முனகும், சூடாகும், தூக்க இரண்டு பேர் வேண்டும்.

கடலில் மூழ்குபவர்கள் வாயில் கவ்வும் ரெகுலேட்டரும் அழுத்தத்தைச் சீராக்கும் கருவிதான். பழைய ரெகுலேட்டரை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யும்போது, அதன் வாஷரும் டயாபிரமும் இன்றும் கிடைக்கிறதா என்றுதான் விவரமானவர்கள் பார்ப்பார்கள். யு.பி.எஸ்.ஸுக்கும் அந்தக் கணக்கே. வீட்டு யு.பி.எஸ். பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி. அது இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. பழையதைக் கடையில் கொடுத்துவிடுங்கள். உள்ளே ஈயம் இருப்பதால் குப்பையில் போடக்கூடாது. பேட்டரியிலிருந்து ஆசிட் கசிந்து உள்ளே போர்டை அரித்திருந்தால் மட்டும் யு.பி.எஸ்.ஸையும் கைவிடலாம்.

புது பேட்டரி போட்டதும் முதலில் ஒரு டேபிள் லேம்பைச் செருகி, சுவர் சுவிட்சை அணையுங்கள். விளக்கு தொடர்ந்து எரிந்தால் கம்ப்யூட்டரை மாட்டிச் சோதிக்கலாம். சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் பழைய யு.பி.எஸ்.ஸோடு ஒத்துப்போகாமல் சிஸ்டத்தை அணைத்துவிடும். அப்படியானால் அதை வைஃபை ரூட்டருக்குக் கொடுத்துவிடுங்கள். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள், தாங்காது.