வீட்டில் செய்த காற்றுத் துப்பாக்கி வயலுக்கு வேண்டாம்

மயிலும் கிளியும் காட்டுப்பன்றியும் சிறு விவசாயியின் உழைப்பைச் சூறையாடுவது இன்று பல மாவட்டங்களில் அன்றாடச் செய்தி. விதைத்த நிலக்கடலையை மயில் கிளறித் தின்கிறது. பால் பிடித்த சோளக்கதிரில் கிளி இறங்குகிறது. இரவெல்லாம் காவல் இருக்க ஆள் இல்லை. கூலி கொடுத்து வைக்க வசதி இல்லை. இந்த நிலையில், பி.வி.சி. குழாயை வெட்டி, ஒரு வால்வைப் பொருத்தி, காற்றை அடைத்து, 'டமார்' என்று வெடிக்கும் துப்பாக்கியைச் சொந்தமாகச் செய்துகொள்ளும் ஆசை பல இளைஞர்களுக்கு வந்திருக்கிறது. எந்த வால்வு நல்லது, விசையை எப்படி அமைப்பது, ரெகுலேட்டர் எங்கே கிடைக்கும் என்று லேத் பட்டறையிலும் பழைய இரும்புக் கடையிலும் விசாரிக்கிறார்கள்.

அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். நல்ல வால்வைத் தேடுவதில் பயனில்லை. இந்த வேலைக்கு ஏற்ற வால்வும் விசையும் ரெகுலேட்டரும் கடைத்தெருவில் இல்லை. குழாயும் இதற்கானது அல்ல. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் குழாய். கிணற்றுக்கும் போருக்கும் '4 கிலோ பைப்', '6 கிலோ பைப்' என்று கேட்டு வாங்குகிறோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ தண்ணீர் அழுத்தத்தை அது தாங்கும் என்பதே அதன் பொருள். அதுவும் சுமார் 27 டிகிரி வெப்பத்தில் போடப்பட்ட கணக்கு. சூடு ஏற ஏறக் குழாயின் பலம் குறைந்துகொண்டே போகும். சித்திரை வெயிலில் வரப்பில் கிடக்கும் குழாய், கடையில் வாங்கியபோது இருந்த குழாய் அல்ல. பல மாதம் வெயிலில் கிடந்தால் அது நொறுங்கும் தன்மையையும் அடைகிறது.

இதைவிட முக்கியமானது, தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம். தண்ணீர் அழுத்தினாலும் சுருங்காது. ஆகவே தண்ணீர்க் குழாய் வெடித்தால் கொஞ்சம் தண்ணீர் பீறிடும். உடனே அழுத்தம் இறங்கிவிடும். காற்று அப்படி அல்ல. அது சுருள்வில் போல் சுருங்கி, விடுபடும் கணத்தில் மொத்தமாக விரியும். பத்து லிட்டர் கொள்ளளவுள்ள கலத்தில் 7 கிலோ அழுத்தத்திற்குக் காற்றை அடைத்தால், 50 கிலோ மூட்டையைப் பத்து மீட்டர் உயரத்துக்கு எறியும் சக்தி அதில் அடங்கியிருக்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸரிலேயே இந்த அழுத்தம் கிடைத்துவிடும். இந்தச் சக்தி வெளிவரும்போது பி.வி.சி. குழாய் இரும்புபோல் பிளந்து விரியாது. கண்ணாடிபோல் சில்லுச் சில்லாகச் சிதறும். துப்பாக்கியைத் தோளில் சாய்த்து வைத்திருப்பவரின் முகத்திற்கும் குழாய்க்கும் ஒரு சாண் தூரம்கூட இருக்காது.

அடுத்தது வால்வு. நம் தோட்டத்தில் இருக்கும் பால் வால்வும் கேட் வால்வும் தண்ணீரை நிதானமாகத் திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டவை. காற்றை ஒரு நொடியில் வெளியேற்றி, மறுபடி அடைத்து, மறுபடி வெளியேற்றும் அதிர்ச்சிக்காக அவை செய்யப்படவில்லை. ஒட்டுப் பசையால் ஒட்டிய மூட்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பத்து முறை நன்றாக வெடித்தது என்பது பதினோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது.

விசையின் கதையும் இதுதான். தொழிற்சாலையில் செய்த துப்பாக்கியில் விசை தானாக விழாதபடி தடுக்கும் பூட்டு இருக்கும். கம்பியையும் ஸ்பிரிங்கையும் வளைத்துச் செய்த விசைக்கு அந்தப் பூட்டு கிடையாது. வரப்பில் கால் இடறினால் விழும். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டும்போது விழும். குழந்தை தொட்டால் விழும். காற்று அடைத்துச் சாய்த்து வைத்த துப்பாக்கி, திரி கொளுத்திய வேட்டைப் போன்றது. அது எப்போது வெடிக்கும் என்பதைச் செய்தவராலும் சொல்ல முடியாது.

மூன்றாவதாக ரெகுலேட்டர். "அழுத்தத்தைக் கட்டுப்படுத்தத்தான் ரெகுலேட்டர் இருக்கிறதே" என்பவர்கள் உண்டு. வீட்டு எரிவாயு ரெகுலேட்டர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வெறும் 30 கிராம் அழுத்தத்தில் வாயுவை வெளியே விடுவதற்கானது. வெல்டிங் பட்டறையிலுள்ள ஆக்ஸிஜன் சிலிண்டரிலோ, நிரப்பியவுடன் 150 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கும். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றில் மாட்டக் கூடாது. ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் ஒரு துளி எண்ணெயோ கிரீஸோ பட்டாலும் தீப்பற்றி வெடிக்கும். சரியான ரெகுலேட்டரே கிடைத்தாலும், அதன் இருக்கையில் ஒரு தூசு படிந்தால் போதும். முள்ளை 3 கிலோவில் வைத்துவிட்டு நாம் வேறு வேலையைப் பார்க்க, அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆகவேதான் கம்ப்ரஸரில் ரெகுலேட்டருடன் தனியே ஒரு சேஃப்டி வால்வையும் வைக்கிறார்கள். கம்ப்ரஸரோ விசைத்தெளிப்பானோ வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சேஃப்டி வால்வு ஒழுகுகிறது என்று அதை அடைப்பதோ, கம்பி போட்டுக் கட்டுவதோ உயிரோடு விளையாடுவதாகும்.

காற்றுக்குப் பதில் கார்பைடு கல்லில் தண்ணீர் ஊற்றி வெடிக்கும் குழாய்த் துப்பாக்கி இன்னும் மோசமானது. வட மாநிலங்களில் குரங்கையும் பறவையையும் விரட்ட வயலுக்கு வந்த இந்தக் கருவி, பிறகு சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் ஆயிற்று. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், போபால் உட்படப் பல ஊர்களில், நூற்றுக்கும் மேற்பட்டோர் இதனால் கண்ணில் காயம் அடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போயிற்று. வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெடிப்பதுதான் இதன் வழக்கம். வெப்பம் ஒரு பக்கம் இருக்க, கார்பைடு கரைந்து உண்டாகும் சுண்ணாம்பு கண்ணை அரித்துவிடும். யாருக்கேனும் அது கண்ணில் பட்டால் கசக்க விடாமல், சுத்தமான தண்ணீரை இருபது நிமிடமாவது தொடர்ந்து ஊற்றிக் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். குண்டோ கல்லோ போட்டுச் சுட்டு மயில் செத்தால் அது வேறு குற்றம். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அரை ஏக்கர் கடலையைக் காப்பாற்றப் போய்க் கோர்ட்டுக்கு அலைவது எந்தக் கணக்கில் சேரும்?

இத்தனைக்கும் பிறகு இந்தச் சத்தத்தால் வரும் லாபம் என்ன? முதல் இரண்டு நாள் பறவை பறந்தோடும். சத்தம் மட்டும்தான், வேறொன்றும் நேரவில்லை என்று தெரிந்துகொண்டால் அடுத்த வாரம் பக்கத்து மரத்தில் உட்கார்ந்து காத்திருக்கும். இடமும் நேரமும் முறையும் மாறாத எந்த விரட்டும் நீடிக்காது.

ஆகவே பயிருக்கு எப்போது காவல் தேவை என்பதைக் கணக்கிட்டு உழைப்பதே புத்திசாலித்தனம். விதைத்த நாளிலிருந்து முளை கெட்டிப்படும் வரை பத்து, பதினைந்து நாள். பிறகு மணி பால் பிடித்து முற்றும் வரை. இந்த இரண்டு கட்டத்திலும் காலையும் மாலையும்தான் பறவைகள் அதிகமாக இறங்கும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் ஒருவர் தலையிலேயே விழாது. காவலையும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பளபளக்கும் நாடாவை முறுக்கிக் கட்டினால் காற்றில் ஒளியும் ஓசையும் எழும். அதையும் சில நாளுக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். சிறிய பரப்பில் விலையுள்ள பயிர் என்றால் வலை போடுவது நல்லது. தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நம்மிடம் இருக்கும் பரணும் தகர டப்பாவும் இன்றும் பயன்படுகின்றன. அவற்றால் யார் கண்ணும் போனதில்லை.

இளைஞர்களை மட்டும் குறை சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிட முடியாது. பயிர் போன விவசாயிக்கு உரிய இழப்பீடு உரிய காலத்தில் கிடைத்தால், அவன் குழாயை வெட்ட உட்காரமாட்டான். வனவிலங்கால் சேதமடைந்த பயிருக்கு வனத்துறை மூலம் இழப்பீடு உண்டு. ஆனால் மனு எழுதி, ஆய்வுக்கு ஆள் வந்து, பணம் கைக்கு வருவதற்குள் அடுத்த பட்டம் வந்துவிடுகிறது என்பதே கிராமத்தின் குமுறல். இந்தக் காலதாமதம் ஒழிய வேண்டும். வெளிநாடுகளில் சோதித்து உறுதி செய்த பறவை விரட்டும் கருவிகள் விற்பனைக்கு உள்ளன. சூரிய மின்வேலிக்கு மானியம் கொடுத்த வேளாண்மைப் பொறியியல் துறை, சிறு விவசாயிக்கு ஏற்ற பாதுகாப்பான விரட்டும் கருவியையும் சோதித்து, ஊருக்கு ஒன்றிரண்டு வீதம் வாடகைக்கு விடலாம். டிராக்டரை வாடகைக்கு விடும் துறைக்கு இது முடியாத காரியம் அல்ல.

அதுவரை விவசாய அன்பர்கள் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் யாராவது காற்றடைத்த குழாய்த் துப்பாக்கி செய்து வைத்திருந்தால், காற்று உள்ளே இருக்கும்போது அதைப் பிரிக்கவோ அசைக்கவோ முயல வேண்டாம். குழந்தைகளை எட்ட வைத்து, விவரம் தெரிந்தவர் உதவியுடன் காற்றை இறக்கிய பிறகு, இனிப் பயன்படாதபடி குழாயை அறுத்துப் போடுங்கள். சேதம் கண்ட அன்றே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, மனுவின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போகம் போனால் அடுத்த போகத்தில் எடுத்துவிடலாம். போன கண்ணை எந்தப் பட்டத்திலும் எடுக்க முடியாது.