குற்றவாளி பறவையா?

‘காட்டுப் பறவைகள் காவிவரும் கொடிய நோய்’ என்று 2005 இல் நானும் தலைப்பிட்டவன்தான். இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

காவியது உண்மை. கொடுத்தது யார்? இந்த எச்5என்1 வைரஸின் மூதாதை 1996 இல் சீனாவின் குவாங்டொங்கில் பண்ணை வாத்தொன்றிலேயே கண்டறியப்பட்டது. பண்ணையிலிருந்தே காட்டுப் பறவைக்குத் தொற்றியது. பின்னர் கடலுக்கும் சென்றது. 2023 இல் பெரு, சிலிக் கரைகளில் ஆயிரக்கணக்கான கடற்சிங்கங்கள் செத்து ஒதுங்கின. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆர்ஜென்ரீனாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 17,000 இற்கும் அதிகமான யானைச் சீல் குட்டிகள் மடிந்தன. பிறந்தவற்றில் 95 வீதத்துக்கும் மேல். பாலூட்டியிலிருந்து பாலூட்டிக்கே வைரஸ் தாவியிருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

இவ்வளவுக்குப் பின்னரும் செய்திகளில் குற்றவாளி பறவையே. (பறவைகள் பத்திரிகைகளுக்கு விளம்பரம் தருவதில்லை.) கோழிகளை ஆயிரமாயிரமாய் அடைத்து வளர்க்கும் பண்ணைகளை அத்தலைப்புகளில் தேடிப் பார்த்தேன். காணவில்லை.